இரண்டாவது வீடு வாங்கும் முன்

வணக்கம் நேயர்களே. மலேசியாவின் கெடா மாநிலத்தில், நம் பீடோங் வட்டாரத்தில், ரப்பரிலும் செம்பனையிலும் உழைத்த குடும்பங்களில் ஒரு பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அப்பாவுக்கு 55 வயதாகிவிட்டது, ஈ.பி.எஃப். என்னும் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வரப் போகிறது, சுங்கைப்பட்டாணிப் பக்கம் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அப்படி வாழ்ந்தவர்களுக்குச் சொந்தமாக இன்னொரு கூரை வேண்டும் என்ற ஆசை இருக்கத்தான் செய்யும். ஆனால் ஈ.பி.எஃப். பணம் வாழ்நாளில் ஒரு முறை வரும் பணம். அதை எடுத்து வீடு வாங்கும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

200,000 ரிங்கிட் வீடு என்று வைத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் கொடுத்தால் கையிலிருந்து 20,000. உரிமை மாற்றத்துக்கு முத்திரை வரி 3,000, கடன் பத்திரத்துக்கு 900, அப்புறம் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் வழக்கறிஞர் கட்டணம். எல்லாம் சேர்த்தால் 30,000-ஐ நெருங்கிவிடும். பெயின்ட், கிரில், மின்விசிறி இதில் சேரவில்லை. மீதி 180,000-ஐ 4.2 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக்குப் போட்டால் மாதத் தவணை ஏறக்குறைய 880 ரிங்கிட். வாடகை 800 கிடைக்கிறது என்றால், 80 ரிங்கிட்தானே குறைகிறது, சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வையுங்கள். சுக்காய் பிந்து என்னும் வீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி, ஒழுகும் கூரை, பழுதான பம்பு எல்லாவற்றுக்கும் 1,500 ஒதுக்குங்கள். இப்போது மாதம் 270 ரிங்கிட் உங்கள் கையிலிருந்து போகிறது. அதைத் தாங்கும் சம்பளம் வீட்டில் யாருக்காவது இருந்தால் வாங்குங்கள். ஓய்வுபெற்றவரின் சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றால் வேண்டாம். வங்கி மேலாளர் சரி என்று சொல்லிவிட்டார் என்பதற்காகக் கடன் எடுக்கக் கூடாது. அந்தக் கடனைக் கட்டப் போகிறவர் நீங்கள்.

வீட்டைப் பார்க்கப் போகும்போது வீட்டை மட்டும் பார்க்காமல் தெருவையும் பாருங்கள். மாலை ஏழு மணிக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். கேட்டில் தொங்கும் ‘உந்தோக் டிசெவா’ (வாடகைக்கு) பலகை வெயிலில் வெளுத்திருந்தால், அந்த வீட்டுக்காரர் பல மாதமாக ஆள் தேடுகிறார் என்று பொருள். அவருக்கே போன் போட்டு வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். ஏஜெண்ட் சொல்லும் தொகையைவிட அவர் சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். நம் பக்கத்தில் வாடகைக்கு வருகிறவர்கள் யார்? ஏம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்கள், மருத்துவமனைத் தாதியர், கூலிம் தொழிற்பேட்டைக்குப் போய்வரும் இளைஞர்கள். இவர்கள் எந்தச் சாலையில் போகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்தத் தாமானில் வாங்குவது என்பது பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது அக்ரிமெண்ட். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ‘நம்ம ஆளுதானே, கோயிலில் பார்த்திருக்கிறேன்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டு, ஆறு மாத வாடகை பாக்கியான பிறகு கண்கலங்கி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, 30 நாளுக்குள் முத்திரையும் வேண்டும். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. 800 ரிங்கிட் வாடகையில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 39 ரிங்கிட், இரண்டாண்டு என்றால் 117. 2025 ஜனவரி முதல், ஆண்டு வாடகையில் முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு இல்லை. தாமதித்தால் அபராதம் குறைந்தது 50 ரிங்கிட், அதாவது அந்த 39 ரிங்கிட்டைவிட அதிகம்.

முன்பணத்தில் நம் நாட்டு வழக்கம் இரண்டு மாத டெபாசிட், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு, முதல் மாத வாடகை. நம்மவர் பாவம் என்று ஒரு மாதத்தோடு விட்டுவிடாதீர்கள். வேண்டுமானால் தவணையில் வாங்குங்கள், ஆனால் அதையும் எழுதி வையுங்கள். டி.என்.பி. மின்சாரக் கணக்கை வாடகைதாரர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும் நாளில் அவரோடு சேர்ந்தே மீட்டர், சுவர், கதவு, கழிப்பறைத் தொட்டி எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, அங்கேயே அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். கிளம்பும் நாளில் டெபாசிட் சண்டை பாதி அதிலேயே தீரும். அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் டெபாசிட்டை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். அது அவருடைய பணம்.

வாடகை வரவில்லை என்றால்? பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது, சாமான்களை வெளியே எறிவது வேண்டவே வேண்டாம். 1950-ஆம் ஆண்டின் ‘குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்’ (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்), அதன் 7-ஆம் பிரிவு, நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்றத் தடை போடுகிறது. முதல் மாதம் தவறியதுமே எழுத்தில் நினைவூட்டுங்கள். இரண்டாவது மாதமும் தவறினால் வழக்கறிஞர் கடிதம். 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, நீதிமன்றம் வழியாக 12 மாதம் வரையிலான பாக்கிக்கு வாடகைதாரரின் பொருள்களைக் கைப்பற்றி ஏலம் விடவும் வழி இருக்கிறது. ஆனால் 12 மாதம் வரை காத்திருக்காதீர்கள். நமக்குக் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் பாக்கி ஏறுகிறது.

தொழிற்சாலைகள் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக வீடு கேட்டால் வாடகை கூடுதலாகச் சொல்வார்கள். தொழிலாளர் துறையின் தங்குமிடச் சான்றிதழை முதலாளி எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். மூன்று அறையில் இருபது பேரை அடைக்க விடாதீர்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நம் தாத்தா பாட்டி பட்டதை இன்னொருவர் நம் வீட்டில் படக் கூடாது. அதேபோல், ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்ற பதிலைக் கோலாலம்பூரில் கேட்டுவிட்டு அழுத பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. வருகிறவரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள், முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரியுங்கள், இனத்தைப் பார்க்காதீர்கள்.

கடைசியாக வரி. வாடகை வருமானத்தை ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். சம்பளக்காரர்களுக்கு ஏப்ரல் 30 கடைசி நாள். கடன் வட்டி, சுக்காய் பிந்து, நிலவரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு இவற்றைக் கழிக்கலாம். தவணையில் அசல் பகுதியைக் கழிக்க முடியாது. முதல் வாடகைதாரரைப் பிடிக்க ஏஜெண்டுக்குக் கொடுத்ததும் கழியாது. ரசீதுகளை ஏழு ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும். கடை ரசீதின் மை சீக்கிரம் மங்கிவிடும், அதனால் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.