ரிவர்ஸ் எடுக்கும்போது கண் எங்கே இருக்க வேண்டும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கனரக வாகன ஓட்டுநர் தேர்வுக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும்படி பேசுமாறு நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் 22 ஆண்டுகள் லாரி ஓட்டியவன். கடந்த 9 ஆண்டுகளாக நாமக்கல்லுக்கு அருகே ஒரு பயிற்சிப் பள்ளியில் கனரக வண்டி சொல்லிக்கொடுத்து வருகிறேன். தேர்வு முழுவதையும் பற்றிப் பேசினால் எதையும் உருப்படியாகச் சொல்ல முடியாது என்பதால், வண்டியை ரிவர்ஸ் எடுக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என்னிடம் பயின்று தேர்வில் தவறியவர்களை நினைத்துப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் முன்னால் ஓட்டித் தவறியவர்கள் அல்லர்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி, ஓட்டுநர் தேர்வில் விண்ணப்பதாரர் எவற்றையெல்லாம் செய்து காட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில், வலப்புறமாகவோ இடப்புறமாகவோ உள்ள குறுகலான இடத்துக்குள் வண்டியைக் கட்டுப்பாட்டுடனும் நியாயமான துல்லியத்துடனும் பின்னோக்கிச் செலுத்துவதும் ஒன்று. என் மாணவர்களிடம் இந்த வாசகத்தை இரண்டு முறை படிக்கச் சொல்வேன். கட்டுப்பாடு என்ற சொல் முன்னால் வருகிறது, துல்லியம் அதற்குப் பின்னால் வருகிறது, அந்தத் துல்லியத்துக்கும் நியாயமான என்ற ஓர் அடைமொழி இருக்கிறது. ஒரே மூச்சில் நுழைத்துவிட வேண்டும் என்று அந்த வாசகத்தில் எங்கும் இல்லை. ஆனால் தேர்வுக்கு வருகிற இளைஞர்கள் நேர்மாறாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்: ஒரே ஓட்டத்தில், அதுவும் வேகமாக, முடியை அளந்தாற்போல நிறுத்திக் காட்டினால்தான் ஆய்வாளர் மெச்சுவார் என்று. அந்தக் குறுகலான இடத்தின் எல்லையைக் காட்டும் கம்பங்களை எப்படி நடுவது, எத்தனை முறை முன்னும் பின்னும் நகர்த்த இடம் கொடுப்பது என்பதெல்லாம் மைதானத்துக்கு மைதானம் வேறுபடும். ஆகவே வண்டியில் ஏறும் முன்பே, நடுவில் ஒரு முறை முன்னால் எடுத்துச் சரிசெய்துகொள்ளலாமா என்று ஆய்வாளரிடம் மரியாதையாகக் கேட்டுவிடுவது நல்லது. கேட்டதற்காக யாரும் மதிப்பெண் குறைத்ததாக நான் கண்டதில்லை.

கனரக வண்டிக்கு வருகிறவர் 20 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், இலகு ரக வாகன உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். பயிற்சி 30 நாட்களுக்குக் குறையக் கூடாது, அதில் கையில் ஸ்டியரிங் இருக்கும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது. இந்த 15 மணி நேரத்தில் ரிவர்ஸுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்று பள்ளியில் சேரும் முன்பே கேளுங்கள். கடைசி நாள் கொஞ்சம் காட்டிக்கொடுப்போம் என்று பதில் வந்தால் வேறு பள்ளியைப் பார்ப்பது உத்தமம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரிவர்ஸ் வராதவர்கள் எல்லாரிடமும் நான் காணும் பொதுவான குறை, அவர்கள் ஸ்டியரிங்கைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பதுதான். எத்தனை சுற்று ஒடிக்க வேண்டும், எந்தக் கம்பம் வந்ததும் ஒடிக்க வேண்டும் என்பதே அவர்கள் கேள்வி. வண்டி எதை மையமாக வைத்துத் திரும்புகிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. இரண்டு ஆக்சில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சு, உள்ள சாதாரண லாரியில் முன் சக்கரங்கள் மட்டுமே ஒடிகின்றன, பின் சக்கரங்கள் எப்போதும் பாடிக்கு நேராகவே நிற்கின்றன. அதனால் வண்டி வட்டமடிக்கும்போது அந்த வட்டத்தின் மையம் பின் ஆக்சிலின் நேர்கோட்டில்தான் விழும். வலப்பக்கம் ஒடித்துப் பின்னால் வந்தால், வலப்பக்கப் பின் சக்கரம் இருக்கும் இடமே வட்டத்தின் உள்பக்கத்துக்கு மிக நெருக்கமான இடம். அதற்கு முன்னால் இருக்கும் கேபினும், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் டெயில் டோரும் அதைவிடப் பெரிய வட்டத்தில் சுற்றுகின்றன. ஆகவே உள்பக்கக் கம்பத்தைப் பின் சக்கரம் தப்பிவிட்டால் அந்தப் பக்கம் முழுவதும் தப்பிவிடும். கண்ணாடியில் பார்க்க வேண்டியது கம்பத்தையும் அல்ல, பாடியின் மூலையையும் அல்ல, பின் சக்கரத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை. அந்த இடைவெளி சுருங்குகிறதா, விரிகிறதா, அப்படியே இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே வந்தால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடிப்பது என்பதைக் கை தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

இதைச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத இடங்களில் அடையாளம் ஒட்டிக் கற்றுக்கொடுக்கிறார்கள். பக்கக் கண்ணாடியில் ஒரு துண்டு டேப், கேபின் ஜன்னலின் ஓரத்தில் இன்னொரு துண்டு. கம்பம் முதல் டேப்புக்கு வந்ததும் முழுக்க வலது, இரண்டாவது டேப்புக்கு வந்ததும் முழுக்க இடது, பிறகு நேர். தேர்வுக்கும் அதே பள்ளி வண்டியைக் கொண்டுபோவதால் இது பலருக்கு வெற்றி தருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படித் தேறியவர் அடுத்த மாதம் வேறொரு முதலாளியின் வண்டியில் ஏறுகிறார். அதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைத்தூரம் வேறு, இருக்கையின் உயரம் வேறு, கண்ணாடியின் கோணம் வேறு, டேப்போ இல்லவே இல்லை. நானே அப்படித்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாள் ஒரு குடோனின் வாசல் தூணில் பாடியின் இடப்பக்க மூலையை மோதினேன். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் இரண்டு மாதச் சம்பளத்தில்தான் பிடித்தம் வந்தது. அன்றைக்குப் பிறகுதான் கண்ணாடியில் பின் சக்கரம் எங்கே தெரிகிறது என்று தேடத் தொடங்கினேன்.

அடுத்தது வேகம். கிளட்சை முழுவதும் விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ரிவர்ஸ் கியரில் வண்டி தானாக நகரும் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அது நடையைவிட மெதுவாகத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டால் வினாடிக்கு 2.7 அடி வருகிறது. லாரியின் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுபோகப் புதிதாகக் கற்பவருக்கு 5 வினாடியாவது பிடிக்கும். அதற்குள் வண்டி 13 அடி நகர்ந்துவிடும். நீங்கள் ஒடிக்க நினைத்தது ஓர் இடம், ஒடித்து முடித்தது 13 அடி தள்ளி இன்னோர் இடம். எனவே இருக்கிற மெதுவையும் பாதியாகக் குறைத்து, கிளட்சைத் தொட்டும் தொடாமலும் பிடித்து, ஊர்ந்து வரப் பழக வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைச் சுற்றுவதைச் சிலர் வழக்கமாக்கிக்கொள்கிறார்கள். பவர் ஸ்டியரிங் அதற்கு இடம் கொடுக்கும், ஆனால் டயர் தரையில் தேய்ந்து அழும். சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போது ஒடிப்பதுதான் வண்டிக்கு நல்லது.

சாய்வைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் 8 அடி அகல வண்டிக்கு 12 அடி இடைவெளியில் கம்பம் நடுகிறோம். பக்கத்துக்கு 2 அடி மிச்சம். 24 அடி நீளப் பாடி 5 டிகிரி மட்டும் சாய்ந்து நுழைந்தால்கூட, முன் மூலைக்கும் பின் மூலைக்கும் இடையே ஏறத்தாழ 2 அடி விலகல் வந்துவிடுகிறது. அந்த 5 டிகிரியைக் கேபினில் உட்கார்ந்திருப்பவர் உணரவே மாட்டார். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்து, பாடியின் இரு ஓரங்களுக்கும் கம்பத்துக்கும் இடையே தெரியும் வெளிச்சம் சமமாக இருக்கிறதா என்று ஒப்பிட்டால்தான் தெரியும்.

நம் நாட்டில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் இருப்பதால், வலப்பக்கமாக ரிவர்ஸ் எடுப்பது எளிது. ஜன்னலில் தலையை நீட்டிப் பின் சக்கரத்தை நேராகவே பார்த்துவிடலாம். இடப்பக்கம் கிளீனர் பக்கம். அங்கே கண்ணாடியை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. அகலமாகக் காட்டுவதற்காக வெளிப்புறம் புடைத்த கண்ணாடியாக அது இருந்தால், கம்பம் உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதுபோலத் தோன்றும். அதனால் பயிற்சியின் பெரும்பங்கை இடப்பக்கத்துக்கே கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. பெரும்பாலான பள்ளிகளில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது, ஏனென்றால் மாணவருக்கும் வலப்பக்கம்தான் பிடிக்கிறது.

என் முதல் தேர்வில் நான் தோற்றது பின்னால் அல்ல, முன்னால். வலப்பக்கம் முழுக்க ஒடித்துப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். பின் சக்கரம் கம்பத்தை அழகாகத் தப்பியது. அந்த மகிழ்ச்சியில் இருக்கும்போது இடப்பக்கம் எங்கோ டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பின்பகுதி வலப்பக்கம் போகும்போது கேபின் இடப்பக்கம் வீசும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பம்பரின் இடது மூலை எல்லைக் கம்பத்தைச் சாய்த்திருந்தது. ஆய்வாளர் எழுந்து வரவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே பேனாவை மூடினார். ஒடித்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க முன் மூலையை ஒவ்வொரு 5 அடிக்கும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்வதற்காக முன்னால் எடுக்கும்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது. பின் ஆக்சிலுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, சக்கரங்களின் இடைத்தூரத்தில் 60 சதவீதம் வரை இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பாதி நுழைந்த நிலையில் வலப்பக்கம் ஒடித்து முன்னால் எடுத்தால், அந்த நீட்டம் இடப்பக்கம் வீசும். வண்டி முன்னால் போகிறதே, பின்னால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருக்கும்போதுதான் கம்பம் விழும். ஆகவே சரிசெய்ய நினைத்தால் முதல் சில அடிகளை நேராகவே எடுத்துவிட்டு, வால் கம்பங்களை விட்டு வெளியே வந்த பிறகு ஒடிப்பதே முறை.

டிரெய்லரைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். டிரெய்லரில் எல்லாமே தலைகீழ். ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் இழுவை வண்டியின் பின்பகுதி வலப்பக்கம் போய், டிரெய்லரின் முன்முனையை வலப்பக்கம் தள்ளும். அதனால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். வால் போகத் தொடங்கியதும் உடனே ஒடிப்பைத் தளர்த்தி, இழுவை வண்டி டிரெய்லரைப் பின்தொடர்ந்து போகும்படி செய்ய வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் இரண்டும் மடக்குக் கத்திபோல மடிந்துகொள்ளும். பிரிட்டனில் 2021 நவம்பர் 15 முதல், மைதானத்தில் எஸ் வடிவத்தில் பின்னால் வந்து குறித்த இடத்தில் நிறுத்திக் காட்டும் பகுதியைச் சாலைத் தேர்விலிருந்து பிரித்துத் தனித் தேர்வாகவே வைத்துவிட்டார்கள். டிரெய்லர் ஓட்டுகிறவர் அதே தனித் தேர்வில் டிரெய்லரைக் கழற்றி மாட்டியும் காட்ட வேண்டும். இங்கும் ரிவர்ஸைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது.

பழைய நாட்களில் கிளீனர் கீழே இறங்கிப் பாடியைக் கையால் தட்டியபடி, வரட்டும் வரட்டும் என்று குரல் கொடுப்பார். ஹோல்டான் என்றதும் ஓட்டுநர் நிறுத்துவார். பல ஓட்டுநர்கள் ஆயுள் முழுவதும் அந்தக் குரலை வைத்தே ரிவர்ஸ் எடுத்தார்கள். தேர்வு மைதானத்தில் அந்தக் குரல் கிடையாது. இப்போது வேலைக்குப் போனாலும் பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. அப்படி ஒருவர் இருந்தாலும், கண்ணாடியில் அவர் முகம் தெரியும் இடத்தில்தான் நிற்க வேண்டும், முகம் மறைந்த அடுத்த நொடி வண்டி நின்றுவிட வேண்டும். சந்தேகம் வந்தால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு ஏறுங்கள். மாணவர்கள் இதை அவமானமாக நினைக்கிறார்கள். 22 ஆண்டு ஓட்டிய நான் புதிய குடோனுக்குப் போனால் இன்றும் இறங்கித்தான் பார்ப்பேன்.

தேர்வுக்கு முந்தைய வாரம் நான் டேப் எல்லாவற்றையும் உரித்துவிடுவேன். கம்பங்களையும் ஒவ்வொரு முறையும் ஓரிரு அடி மாற்றி நடுவேன். கிடைத்தால் வேறொரு வண்டியைக் கொண்டுவந்து ஓட்டச் சொல்வேன். முதல் நாள் எல்லாரும் தடுமாறுவார்கள், சிலர் என்னைத் திட்டவும் செய்வார்கள். மூன்றாம் நாள் பின் சக்கரத்தைத் தேடத் தொடங்குவார்கள். தேர்வன்று காலையில் இருக்கையைச் சரிசெய்துகொண்ட பிறகே கண்ணாடியைத் திருப்புங்கள், ஏனென்றால் இருக்கை மாறினால் கண்ணாடியும் மாறும். பிரேக்குக்கான காற்றழுத்தம் முழுவதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இடத்துக்குள் நுழைந்து நிறுத்தியதும் உடனே கீழே குதித்துவிடாதீர்கள். முன் சக்கரத்தை நேராக்கி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அதன் பிறகே இன்ஜினை அணையுங்கள். அதுவரை ஆய்வாளரின் பேனா திறந்துதான் இருக்கும். வணக்கம்.