போய்ரா வான்போருக்கு ஏழு குட்டி விமானங்கள்

வணக்கம் நண்பர்களே. மேசையில் இருக்கும் இந்த ஏழு விமானங்களையும் முதலில் பாருங்கள். இந்திய விமானப்படையின் நாட் போர் விமானம் நான்கு, பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் மூன்று. எல்லாம் 1/300 அளவு. கேமராவை இன்னும் கிட்டே கொண்டுவருகிறேன். இந்த நாட் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 22 மில்லிமீட்டர்தான். பக்கத்தில் நிற்கும் சேபருக்குச் சுமார் 38. நிஜ விமானங்களில் அது 6.7 மீட்டர், இது 11 மீட்டர் சொச்சம்.

மேசைமேல் குட்டி விமானங்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்கு விமானம் சேர்க்கத் தொடங்கும் பலரும் எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். முதலில் ஒரு சண்டையை முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில். கண்ணுக்கு அழகாக இருக்கிறதென்று ஒரு மிக், ஒரு ஸ்பிட்ஃபயர், ஒரு ஃபாண்டம் என்று வாங்கினால் அலமாரி நிறையும். எதை எதற்கு எதிரே நிறுத்தி ஆடுவது?

நான் எடுத்துக்கொண்டது இந்தியாவின் கிழக்கு எல்லையில் போய்ரா என்ற இடத்தில் நடந்த வான்சண்டை. 1971 நவம்பர் 22. இந்திய-பாகிஸ்தான் போர் முறைப்படி தொடங்க இன்னும் பதினொரு நாள் இருந்தது. அங்கே கரீப்பூர் பக்கம் இந்தியத் தரைப்படையைத் தாக்கிக்கொண்டிருந்த பாகிஸ்தான் சேபர்களை நோக்கி, கொல்கத்தாவின் டம் டம் தளத்திலிருந்து நான்கு நாட் விமானங்கள் கிளம்பின. ராய் மாசி, கணபதி, லாசரஸ், சோரெஸ் ஆகியோர் விமானிகள். மோதல் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. மூன்று சேபர்களை வீழ்த்தியதாக இந்தியத் தரப்பு அறிவித்தது; மூன்றாவது அடிபட்டு டாக்கா திரும்பிவிட்டது என்கிறது பாகிஸ்தான் தரப்பு. பாராசூட்டில் குதித்துப் பிடிபட்ட இரு விமானிகளில் ஒருவரான பர்வேஸ் மெஹ்தி குரேஷி பிற்காலத்தில் பாகிஸ்தான் விமானப்படைத் தளபதியே ஆனார். ஒரு மாலைப்பொழுது ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சண்டை எனக்குத் தெரிந்து இல்லை. ஏழே விமானங்கள் போதும், சாப்பாட்டு மேசையே போதும்.

இப்போது அளவு விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் பிடிவாதக்காரன். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் 1/300 அளவில் நொடிக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். எந்த மேசையும் தாங்காது. அதனால் விமானம் நகரும் தூரத்தை மேசையிலுள்ள அறுகோணக் கட்டங்களால் அளக்கத் தனிக் கணக்கு உண்டு. விதிப்புத்தகத்தைப் பொறுத்தவரை விமானம் எந்த அளவில் இருந்தாலும் ஆட்டம் நடக்கும். அப்படியானால் சேபரை 1/300-இலும் நாட் விமானத்தை 1/200-இலும் கலந்து வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பேன். 1/200-இல் நாட் விமானத்தின் இறக்கை 34 மில்லிமீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட சேபர் அளவு. நாட் விமானத்தின் பலமே அதன் சிறிய உருவம்தான். போர் விமானங்கள் தேவையில்லாமல் பெருத்துக்கொண்டே போகின்றன என்று நினைத்த பெட்டர் என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர், வேண்டுமென்றே சிறிதாக வடித்த விமானம் அது. தூரத்தில் வந்தால் எதிரி கண்ணில் எளிதில் படாது. எதிரியைக் கண்டுபிடிக்கப் பகடை உருட்டும்போது நாட் விமானத்துக்கு ஏன் சலுகை என்று புதிதாக ஆட வருபவர் கேட்டால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. 1/285, 1/300 இரண்டையும் கலக்கலாம். ஐந்து சதவீத வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

வண்ணம் பூசுவதைப் பற்றிக் கொஞ்சம். வெள்ளை உலோக வார்ப்பு என்றால் விளிம்பில் பிசிறு இருக்கும். மெல்லிய அரத்தால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகே பிரைமர் என்னும் அடிப்பூச்சு. பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம், தேய்த்த கையோடு சாப்பிட உட்காராதீர்கள். பச்சையையோ சாம்பலையோ டப்பாவில் இருந்தபடியே பூசினால் இத்தனை சிறிய உருவத்தில் கறுத்துத் தெரியும். துளி வெள்ளை கலந்துகொள்ளுங்கள்.

இறக்கையில் இருக்கும் வட்டச் சின்னத்தைப் பாருங்கள். கேழ்வரகு மணி அளவுதான். ஒட்டுப்படம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பல்குச்சி முனையால் முதலில் காவிப் பொட்டு, நன்றாகக் காய்ந்ததும் அதன்மேல் சிறிய வெள்ளை, கடைசியில் ஊசி முனையால் நடுவில் பச்சை. சேபருக்கு இரண்டே நிறம்: வெளியே பச்சை, உள்ளே வெள்ளை. அவசரப்பட்டால் நிறங்கள் கலங்கிவிடும்.

தாங்கிக்கு நான் பயன்படுத்துவது கண்ணாடிபோலத் தெளிவான அக்ரிலிக் குச்சி. விமானத்தின் வயிற்றில் சிறு காந்தம், குச்சி முனையில் இன்னொன்று. மூன்று உயரங்களில் குச்சிகளை வெட்டி வைத்திருக்கிறேன். விமானம் மேலே ஏறினால் குச்சியை மாற்றினால் போதும். போய்ராவில் இது முக்கியம், ஏனென்றால் சேபர்கள் தாழப் பாய்வதும் மேலெழுவதுமாகத் தரையைத் தாக்கிக்கொண்டிருந்தன. மேலெழும் சேபர் வேகம் இழக்கும். நாட் ஆடுபவர் அந்தத் தருணத்துக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

இதே பெட்டியை வைத்து இன்னொரு சண்டையும் ஆடலாம்: 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரான நிர்மல்ஜித் சிங் செகோன் நாட் விமானத்தில் போரிட்டு உயிர்நீத்த நாள். அதற்கு நாட் இரண்டு போதும், சேபர் ஆறு வேண்டும். என்னிடம் இருப்பது மூன்று. மீதி மூன்றையும் இதே அளவில் வாங்கிப் பூசி முடித்ததும் அந்த ஆட்டத்தை முழுவதுமாகப் படம்பிடித்துக் காட்டுகிறேன்.