டர்னை எண்ணுங்க, ஹெச்பிய அப்புறம் பாத்துக்கலாம்

மதுரை நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். வீடியோ கேம் பத்தி ரேடியோல பேச கூப்பிட்டிருக்காங்கன்னு சொன்னதும் நம்ம சென்டருக்கு வர்ற பயலுக எல்லாம் "அண்ணே பப்ஜி பத்தி பேசுங்கண்ணே"னு ஒரே பிடியா நின்னாய்ங்க, ஆனா நான் பேச வந்தது ஆர்பிஜில, அதாங்க ரோல் பிளேயிங் கேம்ல, டர்ன் வகை பத்தி, அதாவது நாலஞ்சு பேர் இருக்க ஒரு கூட்டத்த நம்ம கூட்டிட்டு போயி, எதிரி ஒரு டர்ன் நம்ம ஒரு டர்ன்னு மாறி மாறி சண்ட போடுற கேம். அதுலயும் ஒரே ஒரு விஷயம், ஸ்டேட்டஸ் எஃபெக்ட். பாய்சன், தூக்கம், அசைய முடியாமப் போற பாரலைஸ், மந்திரம் போட முடியாமப் போற சைலன்ஸ்னு நம்ம ஆளு பேருக்கு பக்கத்துல சின்னதா ஒரு ஐகான் வந்து உக்காரும் பாருங்க, அதத்தான் சொல்றேன்.

கோரிப்பாளையம் பக்கம் நான் கேமிங் சென்டர் வச்சிருக்கேன். அங்க ஆடுறவங்கள தினமும் பின்னாடி நின்னு பாக்குறேன், முக்காவாசி பேரு கண்ணு ஹெச்பி, அதாவது ஆளோட உயிர் அளவு, அது மேலயே தான் இருக்கும். எவ்ளோ டேமேஜ் விழுந்துச்சு, இன்னும் எவ்ளோ மிச்சம், அவ்ளோதான் கணக்கு. எதிரிய தூங்க வைக்கிற ஸ்கில் ஒண்ணு மெனுல கடைசி வரைக்கும் தொடாமலே கெடக்கும், கேட்டா "அது டேமேஜே தராதுண்ணே, வேஸ்ட்டு"ம்பாய்ங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா அந்த கேம் செஞ்சவங்க பாதி மூளைய அங்கதான் போட்டு வச்சிருக்காங்க.

நம்ம கிராமத்துப் பக்கம் சாவடித் திண்ணைல ஆடுபுலி ஆட்டம் ஆடுவாங்கல்ல, புலி 3, ஆடு 15. புலி ஆட்ட தாண்டி வெட்டும், ஆனா ஆட்டால ஒரு நாளும் புலிய வெட்ட முடியாது, அப்படி ஒரு விதியே கெடையாது. அப்புறம் ஆடு எப்படி ஜெயிக்கிது? புலிய நகர விடாம அடைச்சு அடைச்சே ஜெயிக்கிது. தூக்கம், பாரலைஸ், ஸ்டன் எல்லாம் செய்யிறது இதே வேலைதான், எதிரியோட டர்ன புடுங்குறது. 

போக்கிமான் எடுத்துக்கோங்க, வித விதமான பிராணிகள சண்டைக்கு இறக்குற கேம். பாரலைஸ் ஆன போக்கிமானுக்கு ஒவ்வொரு டர்ன்லயும் 25 சதவீதம் அசைய முடியாமப் போக வாய்ப்பு இருக்கு. அதுபோக வேகம் பாதியாகும், 2016ல வந்த சன் அண்ட் மூன்ல இருந்து பாதி, அதுக்கு முன்னாடி கால்வாசி வரைக்கும் விழும். அப்போ இவ்ளோ நேரம் நமக்கு முந்தி அடிச்சவன் இனிமே நமக்கு பிந்தி அடிப்பான். பர்ன், அதாவது தீக்காயம், இன்னும் அழகு. டர்னுக்கு மொத்த ஹெச்பில 1/16 தான் போகும், இதுக்கா ஒரு டர்ன் செலவுன்னு தோணும், ஆனா பர்ன் ஆனவன் கையால அடிக்கிற ஃபிசிகல் அட்டாக் டேமேஜ் பாதியாகிரும், அதான் அதோட உண்மையான பலம்.

பாய்சன்லயும் ரெண்டு இருக்கு. சாதா பாய்சன் டர்னுக்கு 1/8. டாக்ஸிக்னு ஒரு மூவ் போட்டா மொதல்ல 1/16, அடுத்து 2/16, அப்புறம் 3/16னு ஏறிக்கிட்டே போகும், அஞ்சு டர்ன் கூட்டிப் பாருங்க, 15/16 வரும். மொத ரெண்டு டர்ன்ல சாதா பாய்சன விட மட்டமா தெரியிற சாமான் ஆறாவது டர்ன்ல ஆளையே முடிச்சிரும். ஆனா அவன் போக்கிமான உள்ள கூப்பிட்டு திரும்ப இறக்குனா அந்த எண்ணிக்கை மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், அதனால டாக்ஸிக் போட்டவன் அடிச்சு விரட்டாம, தாக்குப்பிடிச்சு நிக்கணும்.

சரி, இதே நமக்கு பிடிச்சா? பாய்சன் ஐகான பாத்த உடனே ஆன்டிடோட் எடுத்து ஊத்துறாய்ங்க. கொஞ்சம் பொறுங்க, கணக்கு போடுங்க. உங்க ஹெச்பி 240ன்னு வைங்க, பாய்சன் டர்னுக்கு 30 தின்னுது, எதிரி அடிச்சா 80 போகுது, எதிரி இன்னும் ரெண்டு அடில விழுந்துருவான். மருந்து குடிச்சா ரெண்டு டர்ன் பாய்சன்ல போற 60 உங்களுக்கு மிச்சமாகும், ஆனா குடிச்ச அந்த ஒரு டர்ன்ல அவன் கூடுதலா ஒரு அடி அடிப்பான், 80 போச்சு. குடிக்காம அடிச்சு முடிக்கிறதுதான் லாபம். அதே சண்ட இன்னும் பத்து டர்ன் ஓடும்னா தாராளமா குடிங்க. யாருக்கு பிடிச்சிருக்குன்னும் பாக்கணும். மந்திரத்தால ஹெச்பி ஏத்தி விடுற ஹீலருக்கு சைலன்ஸ் விழுந்தா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு மொதல்ல அத எடுங்க, மேஜிக் போடுற ஆளுக்கு பிளைண்ட் விழுந்தா ஃபைனல் ஃபேண்டசி மாதிரி கேம்ல கண்டுக்காம விடுங்க, பிளைண்ட் கெடுக்குறது கத்தி வீச்சத்தான், மந்திரத்த இல்ல.

ஃபைனல் ஃபேண்டசின்னதும் ஞாபகம் வருது. 2001ல வந்த பத்தாவது கேம்ல யுனலெஸ்கான்னு ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி. லீவு நாள்ல திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி வருவான், நல்லா ஆடுற பையன், அவ கிட்ட மாட்டிக்கிட்டான். ரெண்டாவது உருவத்துல அவ ஹெல்பைட்டர்னு ஒண்ணு போட்டு சண்டைல நிக்கிற நம்ம மூணு பேரையும் ஜாம்பி ஆக்கிருவா, ஜாம்பி ஆன ஆளுக்கு ஹீல் போட்டா ஹெச்பி ஏறாது, இறங்கும், அவளே நம்ம மேல ஹீல் போட்டு அடிப்பா. தம்பி பொறுப்பா ஒவ்வொருத்தனுக்கா ஹோலி வாட்டர் ஊத்தி சுத்தம் பண்ணான், பாக்கவே நிறைவா இருந்துச்சு, அவ மூணாவது உருவம் எடுத்தா, மெகா டெத் போட்டா, மூணு பேரும் ஒரே நேரத்துல செத்தாய்ங்க. சாவைத் தடுக்குற கவசம் எதுவும் இல்லேன்னா மெகா டெத்துல தப்பிக்கிறது ஜாம்பி மட்டும்தான். அடுத்த சிஸ்டத்துல இருந்த காலேஜ் படிக்கிற பொண்ணு திரும்பிப் பாத்து "ஒருத்தன ஜாம்பியாவே விடுடா தம்பி"ன்னுச்சு. அடுத்த தடவ அந்த மூணு பேர்ல ஆரோன்ங்கிற ஆள அப்படியே விட்டான். மெகா டெத் வந்துச்சு, மத்த ரெண்டு பேரும் விழுந்தாய்ங்க, ஆரோன் மட்டும் நின்னான், நின்னவன் கையால செத்தவன எழுப்புற ஃபீனிக்ஸ் டவுன் போட்டு ஹீரோ டீடஸ எழுப்புனான். அந்தப் பையன் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். நோயக் கண்டதும் மருந்துன்னு மணிக்கணக்கா நம்மளப் பழக்கிட்டு, அந்தப் பழக்கத்தையே பொறியா வைக்கிற இந்த மாதிரி வேலைய நான் பெரிய எழுத்தாளரோட எழுத்துக்குச் சமமா மதிக்கிறேன்.

2023ல வந்த பால்டர்ஸ் கேட் 3ல வேற ஒரு வழி இருக்கு. ஹோல்ட் பெர்சன்னு ஒரு மந்திரம், பட்ட ஆளு கல்லு மாதிரி நின்னுருவான், கிட்டக்க வந்து குத்துற அடி பட்டுச்சுன்னா எல்லாம் கிரிட்டிக்கல், அதாவது சாதா அடிய விட பலமான அடி. நம்ம ஆளுக்கு இது விழுந்தா எல்லாரும் அவன எப்படி காப்பாத்துறதுன்னு அவனையே பாப்பாய்ங்க. பாக்க வேண்டியது மந்திரம் போட்டவன. அந்த மந்திரம் அவன் கான்சன்ட்ரேஷன்ல, அதாவது அவன் கவனத்துல தான் ஓடுது, அவன அடிச்சா அவன் சேவிங் த்ரோன்னு ஒரு பகடை போடணும், 10 இல்லேன்னா வாங்குன டேமேஜ்ல பாதி, ரெண்டுல எது பெருசோ அத எட்டலேன்னா மந்திரம் அறுந்துரும், நம்ம ஆளு எந்திரிச்சுருவான். அதனால நாலு சின்ன அடியா நாலு பேரு அடிச்சாலும் நாலு தடவ அவன் சேவிங் த்ரோ போட்டே ஆகணும்.

கடைசியா, பாஸுக்கு ஸ்டேட்டஸ் எதுவுமே பிடிக்காதுன்னு ஒரு நம்பிக்க இருக்கு. பல கேம்ல அப்படித்தான் வச்சிருக்காங்க, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, அத்தன ஸ்கில்லையும் குடுத்துட்டு முக்கியமான சண்டைல மட்டும் பூட்டிர்றது நியாயமே இல்ல. ஆனா எல்லா பாஸும் அப்படி இல்ல. அதே பத்தாவது கேம்ல சீமோர் ஃப்ளக்ஸ்னு ஒருத்தன், நெறைய பேரு அவன் கிட்ட நின்னு போயி கேமயே விட்டிருக்காங்க, அவனுக்கு பயோங்கிற மந்திரம் போட்டா பாய்சன் பிடிக்கும், நம்ம உயிர் பிழைக்கப் போராடுற டர்ன்ல கூட அவன் ஹெச்பி தன்னால கரையும். அதனால புது பாஸ் வந்தா மொத டர்ன்ல ஒரு ஆளு அடிக்கட்டும், ஒரு ஆளு ஹீலுக்கு தயாரா நிக்கட்டும், மூணாவது ஆள விட்டு ஒரு பாய்சன், அடுத்த டர்ன்ல ஒரு ஸ்லோன்னு போட்டுப் பாருங்க. பிடிக்கலேன்னா திரையிலயே சொல்லிரும்.

எனக்கு குடுத்த நேரம் முடிஞ்சது, கேட்ட எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.