இருபது கார்டிலும் லாட்டி வைத்தால் போன் ஏன் திணறுகிறது?

அடுத்த கேள்வி. கேட்பவர் பொருள் விற்கும் தளம் ஒன்று செய்கிறாராம். ஒரே பக்கத்தில் இருபது கார்டுகள், ஒவ்வொன்றிலும் லைக் பட்டனாக ஒரு இதய லாட்டி, அதாவது பிரவுசரே வரைந்து ஓட்டும் சின்ன அனிமேஷன். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது, போனில் ஸ்க்ரோல் செய்தால் திணறுகிறது. பேசாமல் ஜிஃபுக்கே போய்விடலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். ஜிஃபில் ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறம்தான். அரைகுறையாகத் தெரியும் ஓரமும் அதற்கு வராது, இதயத்தைச் சுற்றிப் பிசிறு நிற்கும். கோளாறு லாட்டியில் இல்லை, அதை உட்கார வைத்த விதத்தில் இருக்கிறது.

லாட்டி வீடியோ கிடையாது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்ததை பாடிமூவின் என்ற பிளகின் ஜேசானாக, அதாவது வெறும் எழுத்தாலான டேட்டா ஃபைலாக, எழுதித் தருகிறது. எந்த வடிவம், எந்த ஃப்ரேமில், எங்கே என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். படம் வரைவது முழுக்க பிரவுசரின் தலையில். இருபதும் லூப்பில் ஓடினால், திரைக்குக் கீழே யாரும் பார்க்காத பதினைந்துக்கும் சேர்த்து அது வரைந்துகொண்டே இருக்கும். (2017இல் ஏர்பிஎன்பி இதை வெளியிட்டபோது, நிழலுருவ அனிமேஷனில் முன்னோடியான ஜெர்மன் இயக்குநர் லோட்டே ரைனிகரின் பெயரைத்தான் வைத்தார்கள். அவருக்கு வரைய ஆளாவது இருந்திருக்கும்!)

முதலில் லூப், ஆட்டோபிளே இரண்டையும் எடுங்கள். லைக் பட்டன் முதல் ஃப்ரேமில் சும்மா நிற்கட்டும், தொட்டால் ஒருமுறை ஓடட்டும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

அப்புறம், கார்டு கார்டாக கோடை ஒட்டாமல் ஒரு கஸ்டம் எலிமென்ட், அதாவது நாமே பெயர் வைத்து உருவாக்கும் ஹெச்டிஎம்எல் டேக், செய்துகொள்ளுங்கள். பெயரில் ஹைஃபன் கட்டாயம். பக்கத்தில் வந்து சேர்ந்தவுடனே அது எதையும் லோடு செய்யக் கூடாது. எலிமென்ட் திரையில் தெரிகிறதா என்று கவனிக்கும் பிரவுசர் வசதியான இன்டர்செக்‌ஷன் அப்சர்வர் 'திரைக்குள் வந்துவிட்டது' என்று சொன்ன பிறகு லோடு, வெளியே போனால் தற்காலிக நிறுத்தம். எலிமென்ட்டையே நீக்கும்போது, அதாவது அப்போது தானாக ஓடும் டிஸ்கனெக்டட் கால்பேக்கில், அனிமேஷனை அழிக்கும் டெஸ்ட்ராய் கட்டளையைக் கூப்பிட வேண்டும். பலர் விடுவது இந்தக் கடைசி வரியைத்தான். பக்கத்தை முழுதாக ரீலோடு செய்யாமலே உள்ளடக்கத்தை மாற்றும் சிங்கிள் பேஜ் ஆப்பில், இல்லாவிட்டால் பயனர் வேறு பக்கம் போன பிறகும் பழைய அனிமேஷன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அசைவைக் குறைக்கச் சொல்லி போனில் செட் செய்தவர்களுக்கு நேராகக் கடைசி ஃப்ரேமைக் காட்டுங்கள்.

ஜேசானை ஒருமுறை எடுத்து எல்லா கார்டுக்கும் கொடுக்கலாம். ஆனால் அனிமேஷனில் ரிப்பீட்டர் (ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடும் வசதி) இருந்தால், ஒவ்வொரு கார்டுக்கும் ஆழமான நகல், அதாவது உள்ளே இருப்பதையும் சேர்த்துத் தனி நகல், எடுத்துக் கொடுக்கச் சொல்லி, பிரவுசரில் லாட்டியை ஓட்டும் லைப்ரரியான லாட்டி வெப்பின் ரீட்மீயிலேயே எழுதியிருக்கிறார்கள்.

சொந்தமாக எழுத நேரமில்லையா? லாட்டிஃபைல்ஸ் என்ற நிறுவனம் தரும் ரெடிமேட் எலிமென்ட் இருக்கிறது. அவர்களின் பழைய எலிமென்ட்டான லாட்டி பிளேயரை எடுக்காதீர்கள், இப்போது அவர்களே டாட்லாட்டி டபிள்யூசி என்ற புதியதற்கு மாறச் சொல்கிறார்கள்.

இன்னொன்று கேட்டிருந்தார்: ஹெச்டிஎம்எல் ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் இதயமே வரவில்லையாம். அப்படித் திறந்தால் பக்கத்தில் இருக்கும் ஜேசானை எடுக்க பிரவுசர் விடாது. உங்கள் கணினியிலேயே ஓடும் லோக்கல் சர்வர் ஒன்றைப் போட்டுத் திறந்து பாருங்கள், வரும்.