நான்காம் நாளுக்குப் பிறகு

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணிப் பெரியோர்களே, இந்த வெக்கையிலும் கையில் கிடைத்த அழைப்பிதழால் விசிறிக்கொண்டு அமர்ந்திருக்கும் வேலூர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'அயல்நாட்டில் உறவினர் வீட்டில் நெடுநாள் தங்குவது இளையோருக்கு நிழலா, தளையா?' இதுதான் நமக்குத் தரப்பட்ட தலைப்பு. நிழல்தான் என்று சொல்ல எழுந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய ஐயா, 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்ற பழமொழியோடு தொடங்கினார். நல்ல கைதட்டலும் வாங்கினார். ஐயா, அந்தப் பழமொழியை நான் மறுக்கவில்லை. மூன்று நாளில் விருந்து முடிந்துவிடும். முடியத்தான் வேண்டும். நான் பேச வந்திருப்பது நான்காம் நாளைப் பற்றி.

நான் குடியாத்தத்துப் பெண். 2016 செப்டம்பரில், பட்டப்படிப்பு முடித்த 21 வயதில், லண்டனின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்த நேரம். "கொஞ்சம் பொறுங்கள் அக்கா, ஆறு மாதம் அவளை என்னிடம் அனுப்புங்கள்" என்று அம்மாவிடம் கேட்டு அழைத்தவர் சின்னம்மாதான். பார்வையாளர் விசாவில் அங்கே ஒரே மூச்சில் ஆறு மாதம் வரை தங்கலாம்; வேலை பார்க்கக் கூடாது.

சின்னம்மா அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியர். எனக்கு அதுவரை தெரிந்த சின்னம்மா வேறு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை டிசம்பரில் வருவார். பெட்டியைத் திறந்தால் சாக்லேட் வாசம் கூடம் முழுக்கப் பரவும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்லி, தன் கையாலேயே எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சிரித்த முகத்தோடு விமானம் ஏறிவிடுவார். அந்தச் சிரிப்பைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்த்ததில்லை. அவர் களைத்து உட்கார்ந்து நான் கண்டதே இல்லை.

அங்கே முதல் மூன்று நாள் எனக்கு விருந்துதான். நான்காம் நாள் காலை, சின்னம்மா என் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தார். எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்க வேண்டும் என்று எழுதிய தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காட்டினார். அம்மா வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் வளர்ந்தவள் நான். முகம் சுருங்கிவிட்டது. அந்தச் சாவியின் பொருள் எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. விருந்தாளியின் கையில் யாரும் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை.

வாரத்தில் மூன்று, நான்கு இரவு சின்னம்மாவுக்குப் பணி. இரவு முழுவதும் நின்றுவிட்டுக் காலை ஒன்பது மணிக்குத் திரும்புவார். வாசலில் காலணியைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒரு வாளி வெந்நீரில் உப்புப் போட்டு அரை மணி நேரம் காலை ஊற வைப்பார். பிறகு கனத்த திரையை இழுத்து மூடிவிட்டுப் பகலை இரவாக்கிப் படுப்பார். டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் எழுந்து இருட்டில் பணிக்குப் போகிற ஒருவரை, வெயிலுக்குப் பெயர் போன வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நவம்பரில் ஒரு சண்டை வந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. எனக்குக் குளிர் தாங்கவில்லை. வெப்பமூட்டியை நான் கூட்டி வைப்பேன், சித்தப்பா வந்து குறைத்து வைப்பார். மூன்றாம் முறை குறைத்தபோது, "ஒரு பெண் குளிரில் நடுங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிகிறதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டார். அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில், 'இவர்கள் கஞ்சர்கள், என்னை அழைத்துக்கொள்ளுங்கள்' என்று அழுதேன். எதிரணியினர் கேட்கிறார்களே, தளை என்று, அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் சித்தப்பா என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்து மூலைக்கடைக்கு அனுப்பினார். அந்த வீட்டு எரிவாயு மீட்டர் முன்பணம் கட்டும் மீட்டர். கடையில் அட்டையைக் கொடுத்துப் பணம் ஏற்றி வந்தால்தான் வீடு சூடாகும். பத்து பவுண்டு ஏற்றினேன். நான் கூட்டி வைத்த வெப்பத்தில் அது எத்தனை வேகமாகக் கரைகிறது என்று அந்த வாரம் முழுவதும் மீட்டரைப் பார்த்தேன். அதே வாரம்தான் சாப்பாட்டு மேசையில் ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள் கிடந்தன. தாத்தாவின் மருந்துச் செலவுக்கு ஒன்று. பழைய ரசீதுகளில் என் பெயரில் ஆறு. மூன்று ஆண்டு, ஆறு பருவம், என் கல்லூரிக் கட்டணம்.

அப்பாதான் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நடுவர் அவர்களே. நான் படித்த படிப்பில் அந்த வீட்டின் குளிர் கலந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் அம்மா கேட்டார்: "உறவினர் வீட்டில் ஆறு மாதம் தின்ற சோறு ஆயுள் கடன் ஆகிவிடாதா? சொல்லிக் காட்ட மாட்டார்களா?" அம்மா, அந்தக் கடன் நான் விமானம் ஏறுவதற்கு முன்பே இருந்தது. தங்கியதால் அது உண்டாகவில்லை, தங்கியதால் கண்ணில் பட்டது. ஒரு வாரம் போய் ஆற்றுப் பாலத்திலும் அரண்மனை வாசலிலும் படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தால், சின்னம்மாவை இன்றைக்கும் சாக்லேட் பெட்டியாகத்தான் நினைத்திருப்பேன்.

இன்னொரு நாளைச் சொல்கிறேன். 2016 நவம்பர் 8. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று இங்கே இரவு எட்டு மணிக்கு அறிவித்தபோது, அங்கே பகல் இரண்டரை. சின்னம்மா இரவுப் பணி முடிந்து உறங்கிக்கொண்டிருந்தார். எழுந்ததும் சொன்னேன். அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே ஏழு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். "ஊரில் இறங்கியதும் வண்டிக்காரருக்குக் கொடுக்க, தாத்தாவுக்குப் பழம் வாங்க" என்றார். ஒவ்வொரு பயணத்திலும் மிஞ்சியதை அப்படியே அடுத்த பயணத்துக்கு வைத்திருப்பாராம். எந்த நிமிடமும் ஊருக்குக் கிளம்ப ஆயத்தமாக அந்த உறை அங்கே இருந்திருக்கிறது. அன்று சின்னம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் போனதற்காக அப்படி உட்கார்ந்திருந்தார் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்த நேரத்தில் பக்கத்தில் நம் ஊர்ப் பேச்சுப் பேச ஒருத்தி இருந்தாளே, அது அவருக்கு நிழல். நிழல் விழுவது இளையவர் மேல் மட்டும்தான் என்று யார் சொன்னது?

'சம்பளமில்லாத வேலைக்காரியாக்கிவிடுவார்கள்' என்றும் இரண்டாம் பேச்சாளர் அம்மா சொன்னார். அப்படிச் செய்கிற வீடுகள் இருக்கின்றன. அக்காள் மகளை வரவழைத்துப் பிள்ளை பார்க்க வைத்து வெளியே விடாமல் பூட்டுகிறவர்கள் தவறு செய்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். ஆனால் சின்னம்மாவின் மகனான தம்பியைப் பள்ளியில் விட்டு வந்ததையும் பாத்திரம் கழுவியதையும் நான் அடிமைத்தனம் என்று சொன்னால், இரவெல்லாம் நின்று வந்த ஒருவருக்கு நான் துரோகம் செய்தவள் ஆவேன். எங்கள் வீட்டில் யார் எதைச் செய்வது என்பதை மேசையில் உட்கார்ந்து வாய்விட்டுப் பேசிக்கொண்டோம். எந்தத் தேதியில் திரும்புகிறேன் என்பதும் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். இந்த இரண்டையும் பேசாத வீடுகளில்தான் மனம் கசக்கிறது. அதற்கு மருந்து பேச்சு. பயணத்தை நிறுத்துவது மருந்தாகாது.

மூன்றாம் பேச்சாளர் ஐயா, பாலாற்றங்கரையில் கண்டி அரசரின் நினைவிடமாக இருக்கும் முத்து மண்டபத்தைக் கைகாட்டினார். உறவை நம்பி இலங்கையின் கண்டிக்குக் கடல் கடந்த குடும்பத்தின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இதே வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் மறைந்தார், இதுதான் அயல்நாட்டு உறவின் முடிவு என்றார். ஐயா, கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினீர்கள். முதல் பக்கத்தை நான் படிக்கிறேன். கண்டி அரசர்களுக்கு மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண்ணெடுத்தார்கள். மணமாகிப் போன பெண்ணோடு உடன்பிறந்தவர்களும் போய்த் தங்கினார்கள். நேர் வாரிசில்லாத அரசர் 1739இல் இறந்தபோது, அரசியின் தம்பி அரியணை ஏறினார். அவருக்குப் பிறகு 1747இல், அவருடைய அரசியின் தம்பி கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். அக்கா வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான், இலங்கையில் அற்றுப்போயிருந்த பௌத்தத் துறவுத் தீட்சை மரபை, சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து 1753இல் மீண்டும் தொடங்கி வைத்தார். இந்துக் குடும்பத்துப் பிள்ளை, போன இடத்து மக்களின் மனத்தை அறிந்து அந்த அளவுக்கு வளர்ந்தார். கண்டி 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்தப் பழியை அக்கா தம்பி உறவின் மேல் எப்படி ஐயா ஏற்றுகிறீர்கள்?

நடுவர் அவர்களே, இந்த ஊர் மேடையில் நான் சொல்லாமல் போகக் கூடாத பெயர் ஒன்று உண்டு. நம் ஊர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர். 1870இல் நம் இராணிப்பேட்டையில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்கா போய், அங்கேயே படித்து வளர்ந்தவர். பெற்றோரைப் போல இந்தியாவில் ஊழியம் செய்வதில்லை என்ற உறுதியோடு இருந்தவர். தாய்க்கு உடல்நலம் சரியில்லை என்பதால், 1890இல் தென்னாற்காட்டுத் திண்டிவனத்தில் இருந்த பெற்றோரிடம் வந்தார். ஏறக்குறைய இருபது வயது. கொஞ்ச காலம் தங்கித் தாயைக் கவனித்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். அங்கே தங்கியிருந்தபோதுதான் ஓர் இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவியரும் பிள்ளைப்பேற்றில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆண் மருத்துவர் தொடக் கூடாது, பெண்தான் வர வேண்டும் என்றார்கள். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா திரும்பினார், மருத்துவம் படிக்க. 1900இல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இந்தக் கூட்டத்தில் அந்த மருத்துவமனையில் பிறந்தவர்கள் கை தூக்கினால், மேடையிலிருந்து எண்ணி முடிக்க முடியாது.

பெற்றோர் வீடு எப்படி உறவினர் வீடாகும் என்று எதிரணியினர் கேட்கலாம். கேட்கட்டும். மூன்று நாள் விருந்துண்டு திரும்பியிருந்தால் அந்தக் கதவுத் தட்டல் அவர் காதில் விழுந்திருக்குமா? அதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

விடுதியில் தங்கினால் சுதந்திரம் கிடைக்குமே என்றார்கள். கிடைக்கும். ஆனால் விடுதி அறையில் யாருடைய கால் வீக்கத்தையும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

ஆறு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, 2017 மார்ச்சில் ஊர் திரும்பினேன். சித்தப்பா விமான நிலையம் வரை வந்தார். வெப்பமூட்டிச் சண்டைக்காக மன்னிப்புக் கேட்டேன். "உனக்குக் குளிர் பழகட்டும் என்று குறைக்கவில்லை அம்மா, வழியில்லாமல் குறைத்தேன்" என்றார். அந்த மனிதர் அவ்வளவு நீளமாக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான்.

நான் பள்ளிக்கு அழைத்துப் போன தம்பிக்கு அப்போது பத்து வயது. இப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டான். கல்லூரி சேரும் முன் ஐந்து மாதம் பெரியம்மா வீட்டில் தங்குகிறேன் என்று அவனாகவே கேட்டு, அடுத்த வாரம் குடியாத்தத்துக்கு வருகிறான். அவனுக்கு இதுதான் அயல்நாடு. அம்மா மாடி அறைக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டார். வாசல் சாவிக்கு ஒரு நகல் செய்து வாங்கி வந்திருக்கிறேன். முதல் மூன்று நாள் ஆம்பூர் பிரியாணி, ஆற்காடு மக்கன் பேடா எல்லாம் உண்டு. நான்காம் நாள் காலை அந்தச் சாவியை அவன் கையில் கொடுப்பேன்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களுக்கும் பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.