காலராவால் மூட முடியாத கதவு

நேயர்களுக்கு வணக்கம். பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாதா, ஓ.ஆர்.எஸ். என்ற கரைசலில் உப்பும் சர்க்கரையும் எதற்கு என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. "உடம்பில் உப்பு குறைஞ்சுடுச்சு, சர்க்கரை தெம்புக்கு" என்று பதில் வரும். உப்பு விஷயம் சரி. ஆனால் சர்க்கரை அங்கே செய்கிற முக்கியமான வேலை தெம்பு கொடுப்பதல்ல. அது என்ன வேலை என்பது குடலின் செல் சவ்வைப் பார்த்தால்தான் விளங்கும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு சவ்வு சூழ்ந்திருக்கிறது. ஒரு லட்சம் சவ்வுகளை அடுக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் உயரம் வராது, அவ்வளவு மெல்லியது. பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. அவற்றின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. அதனால் தலைகள் வெளியே உள்ள நீரையும் உள்ளே உள்ள நீரையும் பார்த்திருக்க, வால்கள் நடுவில் ஒளிந்துகொள்கின்றன. இந்தக் கொழுப்புப் படலம் ஓரிடத்தில் உறைந்து நிற்பதில்லை, நெகிழ்ந்து நகர்கிறது, அதில் புரதங்கள் மிதக்கின்றன என்று 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற விஞ்ஞானிகள் விளக்கினார்கள்.

ஆக்சிஜன் இந்தப் படலத்தைச் சுலபமாகக் கடந்துவிடும். உப்பிலிருந்து வரும், மின்னேற்றம் உள்ள சோடியத்தால் முடியாது, சர்க்கரை வகையான குளுக்கோஸாலும் முடியாது. அவற்றுக்குப் புரதம்தான் கதவு. சிறுகுடல் செல்லில் ஒரு விசித்திரமான கதவு இருக்கிறது: இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். 1960-இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை முன்வைத்தார். செல்லின் மறுபக்கத்தில் உள்ள பம்ப், ஆற்றலைச் செலவழித்து, மூன்று சோடியத்தை வெளியேற்றி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. வெளியே இருக்கும் சோடியம் உள்ளே பாயத் துடிக்கிறது, குளுக்கோஸையும் கூட இழுத்துக்கொள்கிறது. இரண்டும் போன பக்கம் தண்ணீரும் போகும். அதுதான் சவ்வூடு பரவல்.

காலரா கிருமியின் நச்சு என்ன செய்கிறது? உப்பில் சோடியத்தோடு இருக்கும் குளோரைடு, செல்லிலிருந்து வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது. பின்னாலேயே சோடியமும் தண்ணீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. உப்பை உறிஞ்சும் இன்னொரு பாதையும் அடைபடுகிறது. ஆனால் குளுக்கோஸோடு சோடியம் வரும் அந்தக் கதவை மட்டும் நச்சு தொடுவதில்லை! வெறும் உப்புத் தண்ணீர் வீணாகிறது, அதிலேயே குளுக்கோஸ் சேர்த்தால் உடம்பில் ஏறுகிறது.

1971, வங்கதேசப் போர். இந்திய எல்லையோரம், மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் கலந்த பொட்டலங்களைத் தயாரித்தார். டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களே ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு, நான்குக்கும் கீழே வந்தது. அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023-இல், இறந்த பிறகு. தாமதம்தான்.

அளவு இங்கே மிக முக்கியம். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் எடையில் அல்ல, எண்ணிக்கையில் சம அளவு: லிட்டருக்கு 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு). சர்க்கரை அதிகமானால் குடலில் தேங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரையே வெளியே இழுக்கும். பேதி கூடும். அதனால் இனிப்புப் பானங்களும் பாட்டில் ஜூஸும் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை எடுத்து, பொட்டலம் முழுவதையும் அதில் கரையுங்கள். வீட்டில் பொட்டலம் இல்லையென்றால், ஒரு லிட்டருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்து, சிறுநீர் போகாமல், துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், போகும் வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள்.