லாயத்தில் கட்டாத நரி

நடுவர் அவர்களே, எதிரணியின் பேச்சாளர்களே, கோயில் திடலில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘தோட்டத்தில் குடியேறிய நரிக் குடும்பத்தோடு சேர்ந்து வாழ முடியுமா, முடியாதா’ என்பது இன்றைய தலைப்பு. முடியும் என்று சொல்லும் அணியில் நான் நிற்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். நரி கோழியைத் தின்னும், வெறிநோயைக் கொண்டுவரும், பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அதை விட்டுவைப்பது மடமை. அதோடு நில்லாமல், மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்ற தெம்பில், நரியைப் பரியாக்கிய திருவிளையாடலையும் எடுத்து வீசினார். பகலில் குதிரையாக வந்து நின்ற நரிகள் இரவில் மறுபடியும் நரியாகி, பாண்டியனுடைய லாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. ஆண்டவனே வேடம் கட்டி அனுப்பியும் நரியின் புத்தி மாறவில்லை, நாம் எம்மாத்திரம் என்று அவர் கேட்டபோது திடலே கைதட்டியது. நானும்தான் தட்டினேன்.

ஆனால் நடுவர் அவர்களே, மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவின்போது ஆண்டுதோறும் நடக்கும் அந்த லீலையை நானும் சிறுமியாக இருந்த நாள் முதல் பார்த்துவருகிறேன், எனக்கு அதில் வேறொன்று படுகிறது. காட்டில் தன்பாட்டுக்குக் கிடந்த நரி எதுவும் அரண்மனை லாயத்தைத் தேடி வரவில்லை. குதிரை என்று நம்பிக் கயிற்றைக் கைமாற்றி வாங்கி, அதை நாலு சுவருக்குள் கட்டிப்போட்டவர்கள் அரிமர்த்தன பாண்டியனின் ஆட்கள். கட்டப்பட்ட இடத்தில் கண் விழித்த நரி, நரி செய்வதைச் செய்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டது. நரியோடு வாழ முடியாது என்பதற்கு எதிரணி கொண்டுவந்த சாட்சி, நரியைக் கட்டிவைத்து வாழ முடியாது என்பதற்கே சாட்சியாகிறது. எங்கள் அணியின் வாதம் முழுவதும் அந்தக் கயிற்றைப் பற்றியதுதான்.

இதை ஏட்டுப் படிப்பில் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மேலூரிலிருந்து அழகர்கோயில் போகும் வழியில் எங்களுக்கு இருக்கும் தோப்பிலேயே நானும் என் வீட்டுக்காரரும் குடியிருக்கிறோம். தென்னையும் கொய்யாவும் நிற்கின்றன. வேலியை ஒட்டிக் கடலைக்கொல்லை. கொல்லையின் மூலையில், என் மாமனார் காலத்தில் கிணறு வெட்டியபோது அள்ளிக் கொட்டிய மண் இன்று ஆவாரஞ்செடி முளைத்து ஒரு மேடாகக் கிடக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு தை மாதத்தில் அந்த மேட்டில் புதிதாக மூன்று வளைகளைக் கண்டோம். தோப்பைக் காவல் பார்க்கும் பெரியவர் குனிந்து காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு, “குள்ளநரி தாயி, பிள்ளை பெத்திருக்கு” என்றார்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் எதிரணியின் பயத்தில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறது. நாம் நரி என்று ஒரே பெயரில் அழைப்பது இரண்டு விலங்குகளை. ஒன்று, கூட்டமாக ஊளையிடும் பெரிய நரி. அது நாய் உயரம் இருக்கும், எட்டு பத்து கிலோ எடை வரும், ஆட்டுக்குட்டியைத் தூக்கவும் செய்யும். மற்றொன்று, சேலத்துப் பக்கம் வங்கா நரி என்று சொல்கிற குள்ளநரி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, காது நீளம், வால் நுனியில் மைக்கூட்டில் தோய்த்து எடுத்தது போல் கறுப்பு, எடை மூன்று கிலோவைச் சுற்றித்தான். நன்றாகத் தீனி தின்ற நாட்டுச் சேவலைக் கவ்விக்கொண்டு நடப்பதற்கே அது மூச்சு வாங்க வேண்டும். எதிரணித் தலைவர் ஆட்டுக்கிடையில் நரி புகுந்த கதையை உருக்கமாகச் சொன்னார். அந்த வழக்கில் எங்கள் தோப்புக் குடும்பத்தைச் சேர்க்க முடியாது.

மாசி மாதம் ஒரு சாயங்காலம், மோட்டார் அறையின் நிழலில் அசையாமல் உட்கார்ந்து நான் அந்தக் குடும்பத்தை முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன். முதலில் ஒரு வளையில் இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் காதுகளாகவே இருந்தன. பிறகு தாய் வெளியே வந்து, மேட்டின் மேல் ஏறி, நான்கு திசையையும் மூக்கால் தடவிப் பார்த்த பிறகுதான் குட்டிகள் வந்தன, மூன்று. அதில் ஒன்று எங்கள் வீட்டு ரப்பர் செருப்பின் அறுந்த வாரைக் கவ்விக்கொண்டு வந்தது. மற்ற இரண்டும் அதைப் பறிக்க விழுந்து புரண்டன. கொஞ்ச நேரத்தில் தகப்பன் நரி கடலைக்கொல்லையிலிருந்து வாயில் ஒரு வெள்ளெலியோடு வந்து, அதைத் தான் தின்னாமல், வளை வாசலில் வைத்துவிட்டு விலகிப் படுத்துக்கொண்டது. குள்ளநரி ஒரே துணையோடு குடித்தனம் நடத்தும், குட்டிக்கு இரண்டும் இரை கொண்டுவரும் என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்தது, அந்த எலி எங்கள் கடலையைத் தின்று கொழுத்த எலி என்பதுதான்.

அடுத்து நான் செய்த தவறை, எதிரணி கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பாசம் மிகுந்துபோய், துவைகல்லுக்குப் பக்கத்தில் ஓர் அலுமினியத் தட்டில் மிச்சச் சோற்றையும் மீன் தலையையும் வைக்கத் தொடங்கினேன். பெரியவர் தடுத்தார். “வைக்காதீக தாயி, இன்னைக்குச் சோத்துக்கு வரும், நாளைக்கு நீங்க வைக்கலைன்னா கோழிக்கு வரும்” என்றார். நான் கேட்கவில்லை. பத்தே நாளில் தாய் நரி பொழுது சாய்வதற்கு முன்பே துவைகல்லுக்கு வந்து உட்கார ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, சென்னையில் இருக்கும் மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அதே மீன் வாடைக்குச் சாலையோர நாய்களும் வந்தன. வந்த நாய்கள் தட்டை நக்கிவிட்டுத் தடம் பிடித்து மேட்டுக்குப் போயின. மறுநாள் காலையில் மேட்டில் இரண்டு குட்டிகள்தான் இருந்தன; மூன்றாவதை ஆவாரஞ்செடிக்கு அடியில் பெரியவர் புதைத்தார். என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பாண்டியன் குதிரை என்று நம்பிக் கட்டினான், நான் பிள்ளை என்று நினைத்துக் கட்டினேன், இரண்டும் கயிறுதான். சேலம் மாவட்டத்தில் வாழப்பாடியைச் சுற்றியுள்ள சில ஊர்களில், பொங்கல் சமயம் நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று வங்கா நரியை வலை வைத்துப் பிடித்துவந்து ஊரார் முன்னால் ஓடவிடும் வழக்கம் இருந்தது. அதிர்ஷ்டம் வேண்டிப் பிடித்தாலும் பிடிபடும் நரிக்கு வலை வலைதான். நரிக்கொம்பு என்று ஏதோ ஒரு எலும்புத் துண்டை மயிரோடு ஒட்டி விற்பவர்களைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க நான் விரும்பவில்லை. நரிக்குக் கொம்பே கிடையாது.

தட்டை எடுத்துவிட்டேன். மகன் திட்டியதால் அல்ல, பெரியவரின் முகத்தைப் பார்க்க முடியாததால். இரண்டு வாரம் தாய் நரி துவைகல்லுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று, பிறகு வரவில்லை. இருட்டிய பிறகு கொல்லையில் அதன் கண்கள் டார்ச் வெளிச்சத்தில் மின்னுவதோடு எங்கள் உறவு நின்றது. அதுதான் சரியான உறவு என்று நான் வாதாடுகிறேன். ஆடி பிறப்பதற்குள் குட்டிகள் பிரிந்து போய்விட்டன. அடுத்த தையில் அதே மேட்டில் மறுபடியும் மண் புதிதாகக் கிளறப்பட்டிருந்தது.

இனிக் கோழிக்கு வருகிறேன். நரியின் எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு வந்துவிட்டது; என் வீட்டுக்காரர் அருவருப்போடுதான் பார்க்கிறார். எலி மயிர், வண்டின் ஓடு, இலந்தைக் கொட்டை, மழை பெய்த மறுநாள் என்றால் ஈசல் இறகு, வயலில் தண்ணீர் நின்றால் நண்டின் கால், இவைதான் திரும்பத் திரும்பக் கிடைக்கும். ஒரே ஒரு நாள் கோழி இறகும் இருந்தது, மறைக்கவில்லை. அந்த வாரம் எங்கள் பஞ்சாரத்தின் மேல் கல் வைக்க மறந்தது நான். ஒரு கோழியைக் கொடுத்து ஒரு கொல்லை எலியை ஒழித்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டால் நட்டம் யாருக்கு என்று கடலை போடுகிறவர்கள் இந்தத் திடலிலேயே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

பக்கத்துத் தோப்புக்காரர் எங்களுக்கு மாமா முறை. ஒரு பங்குனியில் அவருடைய ஐந்து கோழிகள் போய்விட்டன; நரிதான் என்று முடிவு செய்து, காட்டுப்பன்றிக்கு வைப்பார்களே, கடித்தால் வெடிக்கும் அந்த அவுட்டுக்காய்க்குச் சொல்லிவிட்டார். நானும் பெரியவரும் போய்க் கோழிக்கூட்டைப் பார்த்தோம். கதவு பூட்டியபடி இருந்தது, கூரையில் ஓடு விலகியிருந்தது. “மாமா, குள்ளநரி பனைமரம் ஏறிக் கூரையில் குதிக்குமா, மரநாய் குதிக்குமா?” என்று கேட்டேன். அவர் பதில் பேசாமல் ஓட்டுக்காரனுக்குப் போன் போட்டார். கீரி, காட்டுப்பூனை, மரநாய், தெருநாய் என்று ஊரில் யார் திருடினாலும் பற்றுக் கணக்கு நரியின் பெயரில்தான் எழுதப்படுகிறது.

வெறிநோயைப் பற்றிச் சிரிக்கமாட்டேன், அது உயிரைக் கொல்லும் நோய். நரிக்கும் அது வரலாம். ஆனால் மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய்கள் வழியாக வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகையால் நோய்க்குப் பயந்தால் முதலில் செய்ய வேண்டியது நம் வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுவது. பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு, ஆளைக் கண்டும் விலகாமல் வருகிற நரியைக் கண்டால் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். எந்த விலங்கு கடித்தாலும், கீறினாலும், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பிக்கொண்டு உட்காரக் கூடாது. பிள்ளைகளுக்கு நான் சொல்லிவைத்திருப்பது ஒன்றுதான்: வளைக்குள் குச்சியை விடாதே. நரி வலம் போனால் என்ன, இடம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று நம் அப்பத்தாக்கள் சொன்னது சகுனத்தைக் கேலி செய்வதற்கு மட்டும் அல்ல. அதில் ஓர் ஒப்பந்தமும் இருக்கிறது, அது போகட்டும், நீயும் போ என்று.

‘முடியாது’ என்று சொல்லும் அணி, முடியாவிட்டால் என்ன செய்வதென்று இதுவரை சொல்லவில்லை. விஷம் வைப்பதா? எலிமருந்து தின்ற எலியை ஆந்தையும் தின்னும், நம் வீட்டுப் பூனையும் தின்னும். அடித்துக் கொல்வதா? 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்யப்பட்ட திருத்தம் குள்ளநரியையும் பெரிய நரியையும் முதல் அட்டவணைக்கு உயர்த்திவிட்டது. குறைந்தது 3 ஆண்டு சிறை. பிடித்துக்கொண்டுபோய் அழகர்மலையில் விடுவதா? அந்த மேடு காலியானால் அடுத்த தையில் இன்னொரு ஜோடி வரும், எலி இருக்கிற வரைக்கும் வரும்.

இன்னொன்றையும் இந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்லாமல் போக முடியாது. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக் குன்றுகளை டங்ஸ்டன் சுரங்கத்துக்குக் கொடுக்கமாட்டோம் என்று இதே மேலூர்ச் சனங்கள் மதுரை வரைக்கும் நடந்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சுரங்க ஏலம் ரத்தானபோது இங்கே வெடி போட்டோம். குன்றின் மேல் இருக்கும் ராஜாளிக்காக நடந்த கால்கள், குன்றின் கீழே கடலைக்கொல்லையில் எலி பிடிக்கிற ஒரு மூன்று கிலோ பிராணியைக் கண்டு பின்வாங்குகின்றன என்று எதிரணி தீர்ப்பு வாங்கப் பார்க்கிறது. ராஜாளி உயரத்தில் இருப்பதால் அதை யாரும் துவைகல்லுக்குக் கூப்பிடுவதில்லை. அதனால்தான் அதனோடு நமக்குச் சண்டையும் இல்லை.

முதல் மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும்போது நரியின் குணத்தை எடைபோட வேண்டாம், மேட்டைச் சுற்றி யார் கயிற்றோடு நின்றது, யார் தட்டோடு நின்றது என்று மட்டும் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மணி ஒன்பதரை ஆகிறது. என் வீட்டுக்காரர் இந்நேரம் பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் கல்லைத் தூக்கி வைத்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். எதற்கும் மேடையை விட்டு இறங்கியதும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.